கொடி ஏந்திய கையும் கொடி நெய்த கையும்



ஆடி பிறந்து ஆகஸ்ட் நெருங்கினால் வாளையாறு, கொழிஞ்சாம்பாறை, மீனாட்சிபுரம் கடைத்தெருக்களிலும், மலைமேல் மறையூர், மூணாறு, குமுளிப் பகுதிகளிலும் மூவண்ணக் கொடிகள் தொங்கத் தொடங்கிவிடும். சட்டைப் பைக்கு ஒன்று, ஆட்டோவுக்கு ஒன்று, வீட்டு வாசலுக்கு ஒன்று எனப் பல அளவுகளில் கிடைக்கின்றன. மகிழ்ச்சிதான். ஆனால் கையில் எடுத்துத் தடவிப் பார்த்தால் பெரும்பாலானவை பாலியெஸ்டர் துணி. நம் சங்கக் கம்பத்தில் ஏறும் கொடியாவது கையால் நூற்று, கையால் நெய்த கதர்க் கொடியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. வெறும் பழமைப் பற்றினால் இதைச் சொல்லவில்லை. காரணத்தை விளக்குவதற்கு உங்களைச் சற்றுத் தொலைவு, பூமியின் தென்கோடியில் உள்ள பனிக்கண்டம் வரை அழைத்துச் செல்ல வேண்டியிருக்கிறது. பொறுமையுடன் உடன் வர வேண்டுகிறேன்.

1981 டிசம்பர் 6ஆம் நாள் கோவாவிலிருந்து 'போலார் சர்க்கிள்' என்ற கப்பல் புறப்பட்டது. நார்வே நாட்டிலிருந்து வாடகைக்கு எடுத்த கப்பல் அது. அதில் 21 பேர் கொண்ட இந்தியக் குழு இருந்தது. தலைவர் டாக்டர் சையத் ஜஹூர் காசிம். பிறப்பால் அலகாபாத்துக்காரர் ஆயினும் கேரளத்துக்கு அவர் புதியவர் அல்லர். மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகக் கொச்சியில் பணியாற்றியவர். 1982 ஜனவரி 9 அன்று அந்தக் குழு அன்டார்டிகாவில் கால் வைத்தது. அதற்கு முன்னர் இந்தியர் சிலர் பிற நாட்டுக் குழுக்களோடு சேர்ந்து அங்கே போய் வந்ததுண்டு. ஆனால் இந்தியா தன் பெயரால் அனுப்பிய முதல் குழு இதுதான். மூவண்ணக் கொடி அந்தப் பனிவெளியில் ஏறியது.

இந்தச் செய்தியைப் பொது அறிவுப் புத்தகத்தில் நம் பிள்ளைகள் படிக்கிறார்கள். தலைவர் பெயர், கப்பல் பெயர், தேதி எல்லாம் வினாடி வினாப் போட்டியில் கேட்கிறோம். நான் கேட்க விரும்பும் கேள்வி வேறு. அந்தக் கொடியை நூற்றவர் யார்? நெய்தவர் யார்? சாயம் தோய்த்துத் தைத்தவர் யார்?

அந்தக் காலத்து விதி என்ன தெரியுமா? இந்திய தேசியக் கொடி கையால் நூற்ற நூலில், கையால் நெய்த துணியில்தான் இருக்க வேண்டும். அதற்கான தர அளவுகள் 1951லேயே வகுக்கப்பட்டு, 1964லும் 1968லும் திருத்தப்பட்டன. நூலின் தரம், சாயத்தின் நிறம், சக்கரத்தின் அச்சு, தையல் என ஒவ்வொன்றுக்கும் சோதனை உண்டு. உலகத்தில் எத்தனையோ நாடுகளின் கொடிகள் ஆலைகளில் பிறக்கின்றன. தன் கொடி ஏழையின் ராட்டையில்தான் பிறக்க வேண்டும் என்று விதித்த நாடு நம்முடையது. ஆகவே 1982இல் பனியில் ஏறிய கொடியும் விதிப்படி ஒரு ராட்டையிலிருந்தும் ஒரு தறியிலிருந்தும் புறப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

கைத்துணி என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பஞ்சைச் சுத்தம் செய்து பட்டை போட வேண்டும். ராட்டையில் நூற்றுச் சிட்டம் கட்ட வேண்டும். பாவு ஓட்டி, கஞ்சி போட்டு, இழை இழையாகப் பிணைக்க வேண்டும். ஊடைக்குத் தார் சுற்ற வேண்டும். அதற்குப் பிறகுதான் தறியில் நாடா ஓடும். என் தகப்பனார் சித்தூர் வட்டத்தில் தறி ஓட்டிப் பிழைத்தவர். விடியும் முன்பே அவர் தறிக்குழியில் காலை வைத்தால் அம்மா பக்கத்தில் அமர்ந்து தார் சுற்றுவார். அம்மாவின் வேலைக்குத் தனிக்கூலி என்று ஒன்று கிடையாது. துணிக்குக் கொடுக்கும் கூலியில் அதுவும் அடக்கம். அவர்கள் நெய்த வேட்டியை யாரோ கட்டினார்கள். கட்டியவருக்கு இவர்களைத் தெரியாது. இவர்களுக்கும் கட்டியவரைத் தெரியாது. ஒரு கைத்துணியில் இப்படி எத்தனை பேருடைய உழைப்பு பெயரில்லாமல் மறைந்து கிடக்கிறது என்பதை நான் அங்கேதான் கற்றேன்.

இது நம் நாட்டுக் கதை மட்டும் அன்று. வடதுருவத்தை அடைய முயன்ற அமெரிக்கர் ராபர்ட் பியரிக்கு அவருடைய மனைவி ஜோசபின் 1898இல் பட்டுத்துணியில் ஒரு தேசியக் கொடியைத் தைத்துக் கொடுத்தார். பியரி அதை உடம்பில் சுற்றிக்கொண்டு ஆண்டுக்கணக்கில் பனியில் அலைந்தார். எட்டிய முக்கியமான இடங்களில் அந்தக் கொடியிலிருந்து ஒரு துண்டை வெட்டி விட்டுவந்தார். 1909 ஏப்ரல் 6 அன்று வடதுருவத்தை எட்டிவிட்டதாக அறிவித்தார். உண்மையிலேயே எட்டினாரா என்ற ஐயம் இன்றளவும் தீரவில்லை. வெட்டிய இடங்களில் ஒட்டுப் போட்ட அந்தக் கொடி பின்னாளில் நேஷனல் ஜியாக்ரபிக் கழகத்தை அடைந்தது.

அந்தப் பயணத்தின் கடைசிக் கட்டத்தில் பியரியுடன் ஐந்து பேர் சென்றார்கள். மேத்யூ ஹென்சன் என்ற கறுப்பினத்தவர் ஒருவர். மற்ற நால்வரும் இன்யூட் என்னும் துருவ நாட்டுக் குடிகள். சறுக்குவண்டியைச் செப்பனிட்டதும், நாய்களைப் பழக்கியதும், பனிவீடு கட்டியதும் இவர்கள்தாம். ஆனால் புகழ் எல்லாம் பியரிக்கே போயிற்று. ஹென்சன் நியூயார்க் சுங்க அலுவலகத்தில் குமாஸ்தாவாகக் காலம் தள்ளினார். அவருடைய உடலை ஆர்லிங்டன் தேசிய இடுகாட்டுக்குக் கொண்டுசென்று உரிய மரியாதையுடன் அடக்கம் செய்தது 1988இல்தான். கொடி நட்டவரை உலகம் உடனே அறிந்துகொள்கிறது. உடன் உழைத்தவரை அறிந்துகொள்ள எண்பது ஆண்டுகள் ஆகின்றன.

தென்துருவத்தில் நடந்தது சற்று வேறு. 1911 டிசம்பர் 14 அன்று நார்வேயின் அமுண்ட்சென் அங்கே சென்றடைந்தபோது, கொடியைத் தான் ஒருவராக நடவில்லை. உயிரைப் பணயம் வைத்து வந்த ஐவரும் சேர்ந்தே நட வேண்டும் என்று சொல்லி, ஐந்து கைகளும் கம்பைப் பிடிக்க நட்டார்கள். அங்கே அவர்கள் விட்டுவந்த சிறு கூடாரம், 'ஃப்ராம்' கப்பலில் பாய் தைக்கும் தொழிலாளியான மார்ட்டின் ரோன்னே தைத்தது. ஒரு மாதம் கழித்து ஆங்கிலேயர் ஸ்காட் வந்து சேர்ந்தபோது அந்தக் கூடாரத்தைத்தான் கண்டார். திரும்பும் வழியில் அவரும் தோழர்களும் பனியிலேயே மாண்டார்கள். தலைவருடைய பெயரோடு தைத்தவருடைய பெயரும் வரலாற்றில் நின்றது என்பதற்காகவே இதை இங்கே குறிப்பிடுகிறேன்.

நிற்க. அந்த நாளில் கொடி நடுவது என்றால் 'இந்த இடம் எனக்கு' என்று சொல்வதுதான். நிலத்தில் எல்லைக்கல் ஊன்றுவதற்கும் பனியில் கொடி ஊன்றுவதற்கும் வேற்றுமை இல்லை. ஏழு நாடுகள் அன்டார்டிகாவைக் கூறு போட்டு உரிமை கொண்டாடின. 1959 டிசம்பர் 1 அன்று பன்னிரண்டு நாடுகள் கூடி ஓர் உடன்படிக்கை செய்தன. பழைய உரிமைகளைப் பற்றிய வழக்கை அப்படியே நிறுத்தி வைப்பது, புதிதாக எவரும் உரிமை கோரக் கூடாது, படைத்தளம் கூடாது, ஆராய்ச்சி மட்டும் செய்யலாம், கண்டறிந்ததை எல்லாரும் பகிர்ந்துகொள்ள வேண்டும் என்பது அதன் சாரம். இந்தியா 1983இல் அந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. உடன்படிக்கை நாடுகளின் 46ஆவது ஆலோசனைக் கூட்டம் 2024 மே மாதம் எங்கே நடந்தது தெரியுமா? நம் கொச்சியில். பனிக்கண்டத்தின் வருங்காலத்தைப் பற்றி உலக நாடுகள் பேசியது, பாலக்காட்டிலிருந்து ரயிலில் சில மணி நேரத்தில் போய்ச் சேரும் ஊரில். நம்மில் எத்தனை பேர் கவனித்தோம்?

எனவே 1982இல் ஏறிய நம் கொடி, 'இந்த நிலம் எங்களுடையது' என்று சொல்லவில்லை. 'வேலை செய்ய வந்திருக்கிறோம்' என்றுதான் சொல்லியது. இந்த வேற்றுமை, எல்லையில் குடியிருக்கும் நமக்கு மற்ற எவரையும் விட நன்றாக விளங்க வேண்டும். 1956இல் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது தேவிகுளம், பீர்மேடு, சித்தூர் ஆகியவை யாருக்கு என்று எத்தனை வாதங்கள் நடந்தன! இந்தப் பக்கம் மலையாளி 'பாண்டிக்காரன்' என்றான். அந்தப் பக்கம் போனால் உறவுக்காரனே 'மலையாளத்தான்' என்றான். எல்லைக்கல்லால் நம்மை அளப்பவர்களுக்கு நாம் என்றும் அரைகுறைதான். ஆனால் பாலக்காட்டு வயலிலும், தறியிலும், இடுக்கி மலையின் தேயிலைச் சரிவிலும், ஏலக்காட்டிலும் நம்மவர் சிந்திய வியர்வையை எந்த எல்லைக்கல்லும் பிரித்துவிட முடியாது. 'நான் இங்கே உழைத்தேன்' என்பதுதான் நம் பட்டா. கொடிக்கும் அந்தப் பொருளே பொருத்தம் என்று நான் நினைக்கிறேன்.

அன்டார்டிகாவில் அப்படி என்ன வேலை என்று கேட்கலாம். 1983–84இல் 'தட்சிண கங்கோத்ரி' என்ற முதல் நிலையத்தை அமைத்தார்கள். அந்தப் பயணத்தில் சுதீப்தா சென்குப்தா, அதிதி பந்த் என்ற இரண்டு பெண் விஞ்ஞானிகளும் சென்றார்கள். பனித்தட்டின்மேல் கட்டிய அந்த நிலையம் மெல்ல மெல்லப் பனிக்குள் புதைந்தது. 1990இல் அதைக் கைவிட வேண்டியதாயிற்று. மனம் தளராமல் பாறை நிலத்தில் 'மைத்ரி'யையும், 2012இல் 'பாரதி'யையும் அமைத்தார்கள். பாரதி நிலையத்தில் இஸ்ரோவின் மங்கள மணி அம்மையார் தம் ஐம்பத்தாறாம் வயதில் 403 நாள்கள் தங்கிப் பணியாற்றினார். வடதுருவத்தின் அருகே, நார்வேயின் ஸ்வால்பார்ட் தீவுகளில், 2008 ஜூலை 1 முதல் 'ஹிமாத்ரி' நிலையம் இயங்குகிறது. அங்கே ஆராயும் பொருள்களில் முக்கியமானது, துருவப் பனி உருகுவதற்கும் நம் பருவமழைக்கும் உள்ள தொடர்பு.

பருவமழை என்றால் நமக்கு வெறும் வானிலைச் செய்தி அன்று. மழை பொய்த்தால் சித்தூர்ப் பக்கத்தில் கிணறு வற்றுகிறது; தென்னை காய்கிறது. மழை மிஞ்சினால் மலை இறங்குகிறது. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறு ராஜமலையின் பெட்டிமுடியில் தோட்டத் தொழிலாளர் லயங்கள் மண்ணுக்குள் புதைந்து எழுபது உயிர்கள் போயின. அத்தனை பேரும் நம் மொழி பேசிய குடும்பத்தார். ஒரு நிலச்சரிவுக்குத் துருவப் பனியைக் காரணம் காட்டிவிட முடியாது. மண்ணும் சரிவும் மழையும் வீட்டின் இருப்பிடமும் சேர்ந்தே உயிரை வாங்குகின்றன. ஆனால் மழையை முன்கூட்டிச் சரியாகச் சொல்லத் தெரிய வேண்டுமானால், அதை இயக்கும் காற்றையும் கடலையும் பனியையும் அறிந்தாக வேண்டும். அந்தக் கொடியின் கீழே நடக்கும் வேலை, லயத்தில் உறங்கும் குழந்தைக்காகவும் நடக்கிறது.

இனிக் கதருக்கு வருவோம். 2021 டிசம்பர் 30 அன்று கொடி விதிகள் திருத்தப்பட்டன. இயந்திரத்தில் செய்த கொடியும், பாலியெஸ்டர் கொடியும் இனிச் செல்லும் என்றாயிற்று. அடுத்த ஆண்டில் வீடுதோறும் கொடி என்ற இயக்கம் நடந்தது. இத்தனை கோடி வீடுகளுக்குக் கதர்க் கொடி எங்கே கிடைக்கும், ஏழை எப்படி வாங்குவான் என்று கேட்டார்கள். நியாயமான கேள்விதான். கூலி வேலைக்குப் போகும் ஒருவர் தன் பிள்ளைக்கு மலிவான கொடியை வாங்கிக் கொடுத்தால் அவருடைய நாட்டுப்பற்றை நான் குறை சொல்ல மாட்டேன். 2002 வரை சாதாரணக் குடிமகன் தன் வீட்டில் நினைத்த நாளில் கொடி ஏற்றவும் முடியாது. அந்தத் தடை போனது நல்லதே.

ஆனால் தராசின் மறுதட்டையும் பார்க்க வேண்டும். கர்நாடகத்தின் ஹூப்ளியில், பெங்கேரி என்ற இடத்தில் உள்ள கதர்க் கூட்டமைப்புதான் நெடுங்காலம் தரச்சான்று பெற்ற கொடிகளை நாட்டுக்குச் செய்து கொடுத்தது. அங்கே தைப்பவர்களில் மிகுதியானவர்கள் பெண்கள். திருத்தம் வந்ததும் அவர்கள் கலங்கினார்கள். வீதிக்கு வந்து போராடினார்கள். சட்டம் என்ற வேலி இருந்தவரை இவர்களுக்கு ஓர் உறுதியான சந்தை இருந்தது. வேலி எடுத்தபின் ஆலையோடு ராட்டை போட்டியிட வேண்டும். போட்டி எப்படி முடியும் என்று நெசவாளர் வீட்டுப் பிள்ளையான எனக்குத் தெரியும். நம் பக்கத்துத் தெருக்களில் தறிச்சத்தம் அடங்கியது இப்படித்தான். தறிக்குழியை மூடித் தரை போட்ட வீடுகள் எத்தனை!

மற்றொன்றும் உண்டு. நியூஸிலாந்து ஆராய்ச்சியாளர்கள் அன்டார்டிகாவின் ராஸ் தீவுப் பகுதியில் புதிதாகப் பெய்த பனியை எடுத்துச் சோதித்து, 2022இல் முடிவை வெளியிட்டார்கள். அதில் கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் துணுக்குகள் இருந்தன. மிகுதியாகக் காணப்பட்டது, தண்ணீர்ப் புட்டியும் பாலியெஸ்டர் துணியும் செய்யப் பயன்படும் அதே பொருள். மனிதக் குடியிருப்பே இல்லாத கண்டத்தின் பனியில் நம் உடுப்பின் துகள் போய் விழுகிறது! கதர் மக்கி மண்ணோடு மண்ணாகிவிடும். ஆகஸ்ட் 16ஆம் நாள் காலையில் சாக்கடை ஓரத்தில் கிடக்கும் கொடிகளைப் பார்க்கும்போது, மலிவு என்பதற்கு நாம் கொடுக்கும் விலை என்ன என்று யோசிக்கத் தோன்றுகிறது. பழுதான கொடியைத் தனியிடத்தில் மரியாதையோடு அழிக்க வேண்டும் என்பதும் விதிதான். அதை எத்தனை பேர் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்?

நமக்கு இதில் தனிப்பட்ட கடமையும் இருக்கிறது. கொடி காத்த குமரன் என்று நாம் கொண்டாடும் திருப்பூர்க் குமரன் யார்? 1904இல் சென்னிமலையில் நெசவாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1932 ஜனவரியில் தடியடி பட்டு மண்டை உடைந்து விழுந்தபோதும் கொடியை விடவில்லை. மறுநாள் உயிர் நீத்தார். கொடியை ஏந்திய கையும் தறியை அறிந்த கையும் அவரிடம் ஒன்றாக இருந்தன. பாலக்காட்டு அகத்தேத்தறையில் சபரி ஆசிரமத்தை நிறுவிய டி. ஆர். கிருஷ்ணசாமி ஐயரும் நம் மொழி பேசிய குடும்பத்தவர்தாம். தாழ்த்தப்பட்ட பிள்ளைகளுக்குக் கல்வி தரவே அந்த ஆசிரமம் எழுந்தது. காந்தியடிகள் அங்கே வந்து தங்கியிருக்கிறார். இந்த மரபுக்கு வாரிசுகளான நாம், விலை குறைவு என்ற ஒரே காரணத்துக்காகச் சங்கக் கம்பத்தில் ஆலைத்துணியை ஏற்றுவது அழகா?

மூணாற்றுத் தேயிலை உலகமெங்கும் போகிறது. பொட்டலத்தில் நிறுவனத்தின் பெயர் இருக்கும், மலையின் படம் இருக்கும்; கொழுந்து கிள்ளிய பெண்ணின் பெயர் இருக்காது. 2015 செப்டம்பரில் அந்தப் பெண்கள் தாமாகவே தெருவில் அமர்ந்து கூலியும் போனசும் கேட்டபோதுதான் நாடே அவர்களைத் திரும்பிப் பார்த்தது. உழைத்தவரின் பெயர் மறைவதால் வரும் வலி நமக்குத் தெரியும். தெரிந்த நாமே இன்னொரு உழைப்பாளியின் பெயரை மறக்கலாமா?

ஆகவே செயற்குழுவின் பார்வைக்கு மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

முதலாவது, நம் சங்கக் கிளைகள் அனைத்திலும் பொதுக் கம்பத்தில் ஏற்றுவது கதர்க் கொடியாகவே இருக்கட்டும். கிளைக்கு ஒரு கொடி போதும். உறுப்பினர் ஆளுக்குக் கொஞ்சம் போட்டால் செலவு தெரியாது. பத்திரமாக மடித்து வைத்தால் சில ஆண்டுகளுக்கு வரும்.

இரண்டாவது, கொடி ஏற்றும் நாளில் மேடையில் பொன்னாடை போர்த்துவது நம் வழக்கம். இந்த ஆண்டு முதல் ஒரு பொன்னாடை நூற்பவருக்கோ நெய்பவருக்கோ கிடைக்கட்டும். திருவில்வாமலைக்கு அருகில் குத்தாம்புள்ளி இருக்கிறது. நம் சித்தூர் வட்டத்திலேயே தறியை விடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களை அழைத்து ஐந்து நிமிடம் பேசச் சொல்வோம். பிள்ளைகள் கேட்கட்டும்.

மூன்றாவது, மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டியோடு கொடி செய்யும் போட்டியும் வைப்போம். நான் கணக்கு வாத்தியாராக இருந்தவன். ஆகையால் இதில் எனக்குத் தனி ஆசை. நீளமும் அகலமும் 3க்கு 2. சக்கரத்தில் 24 ஆரங்கள். ஒன்றுக்கொன்று 15 பாகை. 450 மில்லிமீட்டர் நீளமும் 300 மில்லிமீட்டர் அகலமும் உள்ள கைத்துணியில் அளந்து, வெட்டி, ஊசியால் தைக்கட்டும். விரலில் ஊசி குத்திய பிள்ளைக்குக் கொடியின் அருமை தெரியும். தைத்து முடித்ததும், அன்டார்டிகாவில் நம்மவர் செய்யும் ஆராய்ச்சியைப் பற்றி ஒரு பக்கம் தமிழில் எழுதட்டும். நன்றாக எழுதியதை இந்த இதழில் வெளியிடலாம். அவர்களில் ஒருவராவது கடலியலோ நிலவியலோ படித்து, கோவாவிலுள்ள தேசியத் துருவ ஆராய்ச்சி மையத்தின் வாசலை மிதிக்க மாட்டாரா? லயத்திலிருந்தும் தறிக்குழியிலிருந்தும் பனிக்கண்டத்துக்கு வழி இல்லை என்று யார் சொன்னது?

இவை பெரும் செலவு பிடிக்கும் காரியங்கள் அல்ல. மனம் இருந்தால் இந்த ஆகஸ்டிலேயே தொடங்கிவிடலாம். மாற்றுக் கருத்து உடையவர்கள் தாராளமாக எழுத வேண்டுகிறேன். குறிப்பாக, ஏற்கெனவே கதர்க் கொடி வாங்கும் கிளையினர் அதை எங்கே வாங்கினார்கள், என்ன விலை ஆயிற்று என்பதைத் தெரிவித்தால் மற்றவர்களுக்கு உதவியாக இருக்கும்.